பதில் இல்லாதவர் பாத்திரம் கழுவ வேண்டும்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் நடக்கும் வாக்குவாதத்தில் யாருக்குப் பதில் இல்லாமல் போகிறதோ, அவர்தான் பாத்திரம் கழுவ வேண்டும். கல்யாணமான புதிதில் விளையாட்டாகப் போட்டது. மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அந்தச் சட்டத்துக்கு மட்டும் வயதாகவில்லை.

வாக்குவாதமும் எப்போதும் ஒன்றேதான். நான் ஸ்கேன் எடுப்பவன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மனிதர்களின் மண்டைக்குள் இருப்பதைத் துண்டு துண்டாகப் படம் எடுத்தே தலை நரைத்தவன். மனிதன் என்றால் மூளை, மூளை நின்றால் கடை சாத்தியாயிற்று என்பது என் கட்சி. மனைவி தையற்கடை வைத்திருந்தாள். தினமும் கடை திறக்கும் முன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்காருவாள். மூளை வெறும் வீடு, குடியிருப்பவர் வேறு என்பது அவள் கட்சி. அவளுக்கு நான் விஞ்ஞானி, எனக்கு அவள் சாமியாரம்மா. இரண்டு பேருக்குமே தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

ஒரு தடவை, மூளையில் பாதி இருண்டுபோன ஒருவரின் படத்தைப் பற்றிச் சொல்லி, இவருக்குள் குடியிருந்தவர் எங்கே போனார் என்று மடக்கினேன். அவள் அசரவில்லை.

"விளக்கு எரியலைன்னா வீட்ல ஆளே இல்லைன்னு ஆயிடுமா? இருட்டுல உக்காந்திருக்கலாம் இல்லையா?"

ஆள் இருந்தால் கதவைத் தட்டும்போது குரல் கொடுக்க வேண்டாமா என்றேன்.

"தெரிஞ்சவங்க தட்டற மாதிரி தட்டணும், விஞ்ஞானி."

அன்றைக்கு நான்தான் கழுவினேன். ஜெயித்துவிட்டால் அவளுக்கு ஒரு பழக்கம். வலது கை ஆள்காட்டி விரலால் தன் தம்ளரை மேசை மேல் மெல்ல என் பக்கம் தள்ளுவாள். வாயைத் திறக்க மாட்டாள். அந்தத் திமிரைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மழைக்காலத்தில் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். படத்தை என்னை எடுக்க விடவில்லை. கூட வேலை பார்ப்பவன் எடுத்தான். ஆனால் திரையை என் கண்ணிலிருந்து மறைக்க யாரால் முடியும்? இடது பக்கம் பெரும்பகுதி இருண்டிருந்தது. பேச்சும் பேச்சைப் புரிந்துகொள்வதும் இருக்கிற பக்கம். ஸ்கேன் அறை வாசலில் நிற்கும் நோயாளியின் சொந்தக்காரர்கள் என் முகத்தையே பார்ப்பதும், நான் குனிந்துகொள்வதும் வழக்கம். அன்று நான் பார்த்தேன், அவன் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்குப் பக்கவாதத்தால் வலது கையும் காலும் விளங்கவில்லை. இடது கையில் தெம்பு இருந்தது, சொன்னால் கேட்காது. கையைத் தூக்குங்க, கண்ணை மூடுங்க, இவர் யாருன்னு தெரியுதா என்று டாக்டர் கேட்டதையெல்லாம் நானும் காலையும் மாலையும் கேட்டுப் பார்த்தேன். சுவரைப் பார்ப்பது போலவே என்னையும் பார்த்தாள். ஊட்டினால் விழுங்கினாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் இவ்வளவு தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

மகள் ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பார்த்து வைத்தாள். தூக்கி உட்காரவைக்கவே என் முதுகு படும் பாடு அவளுக்குத் தெரியும். போனில் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"அம்மாவுக்கு இனிமே எந்த இடமா இருந்தாலும் ஒண்ணுதானேப்பா. மூளை போனா ஆளே இல்லைன்னு நீங்கதானே சொல்வீங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். சரி என்றேன். மறுநாள் காலையில் வண்டி வருவதாக ஏற்பாடு.

அன்று சாயங்காலம் அவளை மேசைக்குக் கொண்டுவந்து ஊட்டி முடித்தேன். இடது கை தம்ளருக்குப் பக்கத்தில் கிடந்தது. கடைசியாக ஒரு தடவை சண்டை போட வேண்டும் போல இருந்தது. பதில் சொல்ல முடியாதவளோடு வாதாடுவது வீரமில்லை என்று அத்தனை நாளும் அதை மட்டும் செய்யாமல் இருந்தேன்.

என் கட்சியை ஒளிவுமறைவில்லாமல் எடுத்துவைத்தேன். உன் படத்தைப் பார்த்தேன், இருட்டுத்தான் இருக்கிறது, நீ எங்கேயும் இல்லை, நாளைக்கு வெறும் உடம்பைத்தான் ஏற்றி அனுப்புகிறேன் என்றேன். பதில் இல்லை. சட்டப்படி நீதான் கழுவ வேண்டும் என்றேன். பிறகு அவளுக்காக நானே பேசினேன்.

"விளக்கு எரியலைன்னா வீட்ல ஆளே இல்லைன்னு ஆயிடுமா, விஞ்ஞானி?"

இதற்கு என்னிடம் பதில் இருந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன், இல்லை. சரி, நான் தோற்றேன் என்று சொல்லி, என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மேசையில் ஏதோ உரசியது. அவளுடைய இடது கை ஆள்காட்டி விரல் தம்ளரைத் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தது. பாதி வழியில் நின்றுவிட்டது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

கை பழகிய வேலை, தானாக நடந்திருக்கும் என்றார் டாக்டர். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் பழகியது வலது கை. தள்ளியது இடது கை. அதற்கும் ஒரு விளக்கம் இருக்கும். ஒரே ஒரு தடவை நடந்ததை எங்கள் தொழிலில் ஆதாரம் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

அன்று இரவே வண்டி வேண்டாம் என்று மகளுக்குப் போன் செய்தேன். அம்மா ஏதாவது பேசினாங்களா என்று பதறினாள்.

"பேசலைம்மா. ஜெயிச்சுட்டா."

அதற்குப் பிறகு அந்த விரல் அசையவே இல்லை. ஒத்தாசைக்குப் பகலில் ஓர் அம்மா வந்து போகிறார். அவர் போனதும் மேசையில் உட்கார்ந்து நானே இரண்டு கட்சியும் பேசுகிறேன். தினமும் தோற்கிறேன். அவளுடைய தம்ளரை மட்டும் மேசையில் விட்டுவிட்டு மற்றதைக் கழுவப் போகிறேன். அது உரசினால் காதில் விழ வேண்டுமே என்று குழாயைச் சன்னமாகத்தான் திறந்துவைக்கிறேன்.