இரண்டு பை மணல்

அன்னம்மாளுக்கு வாய் இல்லை என்று அந்தமானின் பாம்பூஃப்ளாட் ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மீன்காரனோடு ஹிந்தியில் சண்டையை ஆரம்பித்து, கோபம் ஏறஏறத் தமிழுக்கு மாறிவிடுவாள். அவன் பெங்காலியில் புலம்பிக்கொண்டே இரண்டு மீனைக் கூடப் போட்டுவிட்டுப் போவான். அப்பேர்ப்பட்ட வாய், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடந்தது. மாதா கெபித் திருவிழாவுக்கு இன்னும் மூன்றே நாள். அன்றைக்குக் கோயில் முற்றத்தில் ஊருக்கே அசனச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கிற அரிசியில் அன்னம்மாள் போட்ட மணல் கிடக்கிறது.

ஆமாம், மணல்தான். அவசரப்பட்டு அவளைத் திட்டிவிடாதீர்கள், முழுசாகக் கேளுங்கள்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி வந்த இந்தக் குடும்பங்கள் பிடியரிசிப் பழக்கத்தை விடவே இல்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை மாதாவுக்கென்று துணிப்பையில் போட்டுவைப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு பையைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். வாசலில் மரியபுஷ்பம் நின்று வாங்குவாள். வாங்குகிற ஒவ்வொரு பையையும் கையில் தூக்கிப் பார்த்து, ஏதாவது ஒரு நக்கல் சொல்லி, கூடையில் போடுவாள். பூசை முடிந்ததும் பின்னறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தகர டிரம்மில் கொட்டி மூடுவாள். ஒவ்வொரு வீட்டுப் பைக்கும் ஒரு நிறம். அன்னம்மாள் வீட்டுப் பை நீலம், புருஷன் சவரிமுத்துவின் பழைய சட்டையில் தைத்தது.

சவரிமுத்து பெயிண்டர். போன ஜூனில் ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தார். தொடையெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. "மெயின்லாண்டு போயிட்டு வந்து பாக்கேன்" என்று சொல்லிக் கப்பல் ஏறிய காண்ட்ராக்டர் போனவன் போனவன்தான். கேட்டவர்களுக்கெல்லாம் அன்னம்மாள் ஒரே பதில் வைத்திருந்தாள்: "காண்ட்ராக்டர் எல்லாம் பாத்துக்கிடுதாரு." என்ன வீறாப்போ தெரியவில்லை. அடுப்பு ஒருவேளைதான் எரிகிறது என்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆகஸ்டில் நீலப்பை பாதிகூட நிறையவில்லை. மரியபுஷ்பம் அதைத் தூக்கிப் பார்த்தாள். "என்ன அன்னம்மா, இந்த மாசம் உங்க வீட்ல உலையே வைக்கலியோ?" என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்னம்மாளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

செப்டம்பர் வந்தது. பையில் கைப்பிடிக்கு மேல் அரிசி இல்லை. அடுத்த வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் குவிந்து கிடந்தது. கேட்டு நாலு படி வாங்கிவந்தாள். மாதாவின் அரிசியில் உப்புக் கரிக்கக் கூடாதாம், மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்தாள்! பாவம் செய்வதிலும் ஒரு சுத்தம். பையின் அடியில் மணல், மேலே அந்த ஒரு பிடி அரிசி. மரியபுஷ்பம் தூக்கிப் பார்த்து, "ம், இது பை" என்றாள். அக்டோபரிலும் அப்படியே நடந்தது.

அந்த அக்டோபரிலேயே படகு ஜெட்டியில் டீக்கடை வைத்திருக்கிற நூருல்லா பாய் வீடு தேடி வந்தார். "காலைல சாத்தம் தீவுக்குப் போற போட்டுக்கு நிக்கிற சனம் நாஷ்டா கேக்குது தங்கச்சி. நூறு இடியாப்பம் முடியுமா?" என்றார். மாவு வாங்கக் கையோடு முன்பணமும் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்குள் நூறு இருநூறானது. சவரிமுத்து கம்பூன்றி எழுந்தார். கைக்கு ஒன்றும் ஆகவில்லையே, உட்கார்ந்தபடியே இடியாப்ப உரல் பிழிந்தார். "அம்புட்டு நாளும் செவுத்துக்கு வெள்ள அடிச்ச கையி, இப்ப தட்டுக்கு அடிக்குது" என்று அவர் சொல்ல, இருவரும் சிரித்து எவ்வளவோ நாள் ஆகியிருந்த வீட்டில் சிரிப்புக் கேட்டது. இது மாதா கொடுத்த வாழ்வு என்பதில் அன்னம்மாளுக்குத் துளிச் சந்தேகமில்லை. அதனால்தான் நெஞ்சு இன்னும் உறுத்தியது. கொடுத்தவளுக்கே மணலைப் போட்டிருக்கிறோமே!

நவம்பரிலிருந்து நீலப்பையை அரிசியால் பிதுங்கப் பிதுங்க நிறைத்தாள். சனிக்கிழமை தவறாமல், கோயில் முற்றத்தில் குகை போலக் கட்டிய மாதா கெபிக்குப் போனாள். அங்கே பெரிய தட்டில் மணல் பரப்பி வைத்திருக்கும். அதில் மெழுகுவர்த்தியைக் குத்திவைத்து, "தாயே, அந்த மணலை எப்படியாவது இல்லாம ஆக்கிரும்" என்று வேண்டுவாள்.

திருவிழா நெருங்க நெருங்கச் சோறு இறங்கவில்லை. ஊரே இலை முன்னால் உட்கார்ந்து நறநறவென்று மணலைக் கடிப்பது கண்ணுக்குள் வந்து நின்றது. வியாழக்கிழமை மத்தியானம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சாமியார் ராஞ்சிக்காரர், சின்ன வயசு, தமிழ் வராது. சந்தை ஹிந்தியை வைத்துக்கொண்டு பாவத்தை எப்படிச் சொல்வது?

"ஃபாதர், மைனே மாதா கா சாவல் மே ரேத் டாலா" என்றாள். மாதாவின் அரிசியில் மணல் போட்டேன்.

எத்தனை தடவை என்று சாமியார் அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"கித்னி பார்?"

"தோ பார், ஃபாதர்." இரண்டு தடவை. அப்புறம் அழுகைக்கு மொழி எதற்கு?

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கடவுள் மன்னித்துவிட்டார், ஒரு ஜெபமாலை சொல், சோறு பொங்குவதற்கு முன் அந்த அரிசியைப் பார்த்துக்கொள்கிற அக்காவிடம் நீயே போய்ச் சொல் என்றார். ஐம்பது ஜெபமாலை சொல்லச் சொல்லியிருந்தாலும் அன்னம்மாள் சந்தோஷமாகச் சொல்லியிருப்பாள். மரியபுஷ்பத்திடமா? அந்த வாயிடமா?

மறுநாள் காலை இடியாப்பத்தை ஜெட்டியில் இறக்கிவிட்டு நேராகக் கோயிலுக்கு நடந்தாள். பின்னறையில் மரியபுஷ்பம் தனியாக உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த அரிசில மணல் கெடக்கு."

"இல்லியே. காலைலேர்ந்து பாதி டிரம்மு பொடச்சிட்டேன்."

"கெடக்குக்கா. நான்தான் போட்டேன். செப்டம்பர்லயும் அக்டோபர்லயும். வீட்ல அரிசி இல்ல." சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மரியபுஷ்பம் முறத்தைக் கீழே வைத்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கெபிக்கு நடந்தாள். மெழுகு சொட்டிக் கிடந்த தட்டைக் காட்டினாள்.

"இந்தா இருக்கு பாரு உன் மணல். ரெண்டு பையும்."

அன்னம்மாள் குனிந்து மணலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கழுவிக் காயவச்ச மணலு. வெளிய கொட்ட மனசு வரல. நீயே வாராவாரம் வந்து அதுல திரி குத்தி வைக்கே. பாக்கப் பாக்க எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்திய?"

"மொத மாசம் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வாசல்ல வச்சே நாலு கேள்வி கேக்கணும்னுதான் இருந்தேன். ரெண்டாம் மாசம் மேல கெடந்த அந்த ஒரு பிடி அரிசியப் பாத்தேன். ஒரு கல்லு இல்ல, ஒரு உமி இல்ல, அப்பிடிப் பொறுக்கி வச்சிருந்தே. ஏமாத்துதவ இப்பிடியாட்டி வைப்பா? இது இல்லாத வீடுன்னு அப்பதான் உறைச்சுது. ஆகஸ்ட்ல உன்னப் பாத்து நான் கேட்டதும் ஞாபகம் வந்துட்டு. மறுநாளே நூருல்லா பாய்ட்ட போயி நின்னேன்."

"நீங்களா அவரை அனுப்புனது? ஒரு வார்த்த சொல்லலியேக்கா!"

"எப்பிடிச் சொல்ல? உன் மணலச் சொன்னா என் வாயையும்லா சொல்லணும்." மரியபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "உலை வைக்கலியான்னு கேட்டுட்டேனே, பாவி. என்ன மன்னிச்சிரு."

அன்னம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாதாவுக்கும் தனக்கும் நடுவில் கிடக்கிறது என்று அவள் பயந்த மணல்தான் அவள் வீட்டுப் பசியைப் போய்ச் சொல்லியிருக்கிறது. தன் வாய் சொல்லாததை அது சொல்லியிருக்கிறது. ஐந்து மாதத்துப் பாரம் ஒரே மூச்சில் இறங்க, அவளுக்குப் பசி எடுத்தது. நல்ல பசி.

ஞாயிற்றுக்கிழமை அசனத்தில் யார் பல்லிலும் மணல் படவில்லை. சவரிமுத்து மூன்று தடவை சோறு வாங்கினார். கைகழுவுகிற இடத்தில் மரியபுஷ்பம் அன்னம்மாளைப் பிடித்து, "அடுத்த மாசத்துலேர்ந்து வாசல்ல நீ நில்லு. என் வாய நான் நம்ப மாட்டேன்" என்றாள்.

மார்ச் முதல் ஞாயிறு அன்னம்மாள் கூடையோடு வாசலில் நின்றாள். வருகிற பை எதையும் தூக்கிப் பார்க்கவில்லை. வரிசையின் கடைசியில் சலேத்தம்மாள் வந்தாள். வடக்கு அந்தமான் திக்லிபூரிலிருந்து பிழைப்புக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, இளம் வயசு. பை குண்டாகத் தெரியட்டும் என்று இரண்டாக மடித்துக் கட்டியிருந்தாள். நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

அன்னம்மாள் அதை இரண்டு கையாலும், கனத்த பையை வாங்குவது போல வாங்கினாள். "அம்மாடி, நெறஞ்சிருக்கு மகளே" என்று வரிசைக்கே கேட்கச் சொல்லிக் கூடையின் அடியில் வைத்தாள்.

பூசை முடிந்ததும் கேட்டில் அவளை நிறுத்தினாள். "நாளைக்கு வெள்ளன எங்க வீட்டுக்கு வா என்ன? இடியாப்பம் புழிய ஆளு பத்தல. சம்பளம் உண்டு."

பக்கத்தில் கம்பூன்றி நின்ற சவரிமுத்து திரும்பினார். "எங்க பத்தல? நான் ஒருத்தனே இருநூறும்..."

அன்னம்மாள் அவருடைய நல்ல காலை மிதித்தாள்.

"ஆமா, ஆமா," என்றார் சவரிமுத்து. "பத்தவே பத்தல."