நுரையீரல் கழுவுன தண்ணி

எனக்கு டிபி இல்லன்னு காட்டத்தான் நுரையீரல்ல தண்ணி ஊத்திக்கிட்டேன். கேக்குறவங்களுக்குப் பைத்தியக்காரத்தனமா இருக்கும். இருக்கட்டும்.

இருமல் நிக்காம இருந்துச்சு. சளியில கிருமி ஒண்ணும் தெரியல, ஆனாலும் எக்ஸ்ரேவப் பாத்து ஒரு டாக்டர் டிபி மாத்திர எழுதிட்டாரு. அவ்ளோதான், சிதம்பரத்துல மாமியா ராஜாமணி என் தட்டு, டம்ளரத் தனியா வச்சாங்க. பால்குடி மறக்காத எம்பொண்ணு இலக்கியாவப் புடுங்கிக்கிட்டு, என்னக் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு, அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. என் வூட்டுக்காரரு உமாசங்கர் அவங்க சொன்னதுக்கெல்லாம் தலயாட்டுனாரு. "ஆறு மாசம் மாத்திர முடிஞ்சதும் வந்துடு கார்த்தி"ன்னு பஸ் ஏத்திவுட்டாரு. ஆம்பள!

மாத்திர முடிஞ்சிச்சு, இருமல் முடியல. கடலூர்ல பிரிசில்லா டாக்டரம்மாதான், "இது டிபிதானான்னே சந்தேகமா இருக்கு"ன்னாங்க. மூக்கு வழியா குழாய வுட்டு, உப்புத்தண்ணி ஊத்தி, திரும்ப உறிஞ்சி, அதுல என்னென்ன செல்லு இருக்குன்னு பாக்கணுமாம். அம்மா அழுதுச்சு. நான் ஊத்துங்கன்னுட்டேன். அய்யோ, குழாய் உள்ள போறப்ப செத்தேன்னே நெனச்சேன். புள்ள மூஞ்சிய நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன்.

தண்ணியில டிபி கிருமி இல்ல. "தண்ணிய மட்டும் வச்சு முடிவு சொல்லக்கூடாதும்மா, அப்பவே நுரையீரல்லேருந்து கிள்ளி எடுத்த சதைத்துணுக்கையும் சேத்துப் பாத்துதான் சொல்றேன். இது சார்க்காய்டோசிஸ், நுரையீரல்ல சின்னச் சின்ன வீக்கம் வர்ற நோய். யாருக்கும் தொத்தாது"ன்னாங்க டாக்டரம்மா. நுரையீரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கு, ரொம்ப நாளைக்கு மாத்திர சாப்புடணும்னும் சொன்னாங்க. அது என் காதுல ஏறவே இல்ல. தொத்தாதுன்னாங்களே, எனக்கு அது போதும்.

அன்னிக்கே சிதம்பரம் போயி வாசல்லயே ரிப்போர்ட்ட நீட்டுனேன். "டிபி இல்ல. எம்புள்ளயக் கொடுங்க."

வூட்டுக்காரரு வாங்கிப் படிச்சிட்டு, "அப்ப எப்ப குணமாவும்?"ன்னாரு.

"கட்டுக்குள்ள வச்சிக்கலாமாம்."

"டிபின்னா ஆறு மாசம்னு இருந்தோம்," மாமியா முன்னால வந்தாங்க. "இதுக்கு முடிவே கெடையாதா? இப்பதான் உன்ன மறந்து அழுவாம தூங்குது. திரும்பப் பழகிட்டு, நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா புள்ள தாங்குமா?"

அக்கறையா பேசுற மாதிரியேதான் பேசுனாங்க. "தொத்தாதுன்னு எழுதியிருக்கு, கொடுங்க எம்புள்ளய"ன்னு சத்தம் போட்டேன்.

அந்தச் சத்தத்துல இலக்கியா உள்ளேருந்து எட்டிப் பாத்துச்சு. நல்லா வளந்துருந்துச்சு. "ஆயா, யாரு?"ன்னு பாட்டியக் கேட்டுச்சு.

"கடலூரு அத்தைடி."

நான் உன் அம்மாடின்னு கத்த வாயத் தொறந்தேன். இருமல்தான் வந்துச்சு. நிமுந்து பாக்குறதுக்குள்ள புள்ள பயந்து உள்ள ஓடிடுச்சு.