முப்பத்தோராம் எண்

நாடகக்காரர்கள் அவளை ‘லிஸ்ட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாடகச் சங்கத்தின் நூலகத்தில் அவள் வேலை பார்க்க ஆரம்பித்துப் பதினோரு வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நடிக்கத் தோதான பத்துச் சின்ன நாடகங்களைப் பொறுக்கிப் பட்டியல் போடுவாள். அதில் இரண்டு பேர் நடிக்கிறதும் இருக்கும், ஒரே ஆள் நின்று பேசுகிறதும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரிதான் எழுதுவாள். “இரண்டு பேர், சாமான் எதுவும் வேண்டாம், பன்னிரண்டு நிமிடம். லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாஜி கணவனும் மனைவியும். அழுகிற காட்சி உண்டு; அழ வராதவர்கள் கை வைக்க வேண்டாம்.” அவ்வளவுதான். அந்த நான்கு வரியை நம்பித்தான் ஊரிலுள்ள குழுக்கள் எல்லாம் ஒத்திகைக்குக் கிளம்பும்.

பட்டியலுக்கு வருகிற நாடகப் பிரதிகளில் எழுதியவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பெயர்கள் செயலாளரின் மேசை டிராயரில் உறைக்குள் பூட்டிக் கிடக்கும். பட்டியல் முடிவான பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வரக் கூடாது என்று இந்த விதியைக் கொண்டுவந்தவளே அவள்தான். அவளுக்கு யாரையும் நம்பி வழக்கமில்லை, தன்னையும் சேர்த்து.

முப்பத்தோராம் எண் பிரதியை ஒரு திங்கட்கிழமை கையில் எடுத்தாள். வழக்கம்போல் சமையலறை டைமரை முறுக்கி வைத்துவிட்டு, அலமாரிகளுக்கு நடுவே நின்றபடி சத்தமாகப் படித்தாள். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தனியாகப் பேசுகிறாள். அவள் தன் அக்காவோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறாள். அக்காவுக்கு எதிலும் சந்தேகம். அயர்ன் பாக்ஸைத் தொட்டுப் பார்த்து, எத்தனை மணிக்குத் துணி தேய்த்தாய் என்பாள். செருப்பைத் திருப்பி அடியில் என்ன மண் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பாள். குப்பைக் கூடையில் பஸ் டிக்கெட்டைத் தேடி எடுத்துப் படிப்பாள். “நான் படியிறங்கித் தெருவுக்குப் போனதும் மேலே ஜன்னல் திரை அசையும். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். பார்த்தால் அவளுக்கு அவமானம்.”

லிஸ்ட் அக்கா அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். அவளும் தங்கையும்தான் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறார்கள். தங்கைக்கு நாற்பத்திரண்டு வயது, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. ஜன்னல் திரை அசைவது உண்மைதான். ஆனால் அது காற்றில் அசைகிறது என்று தங்கை நினைத்துக்கொண்டிருப்பதாகத்தான் அவள் இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

கடைசிப் பக்கம் அதைவிட மோசம். “தினமும் ஒரு துணியைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வெளியே கொண்டுபோகிறேன். எல்லாவற்றையும் எண்ணுகிற என் அக்கா என் பீரோவை மட்டும் எண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விடுவேன்.” அதற்குக் கீழே, அவள் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து போகிறாள் என்று ஒரு குறிப்பு. டைமர் அடித்தது. யாரும் கேட்டுவிடப்போகிறார்கள் என்பதுபோல் அதைக் கையால் பொத்தினாள்.

அன்று சாயங்காலம் தங்கை வருவதற்குள் அவள் பீரோவைத் திறந்து எண்ணிவிட்டாள். நீலச் சட்டை இல்லை. கோடு போட்ட கோட்டு இல்லை. தங்கையின் பிறந்தநாளுக்கு இவள் வாங்கிக் கொடுத்த சாம்பல் நிற ஸ்வெட்டர் இல்லை. துவைக்கிற கூடையைக் கவிழ்த்தாள், மொட்டைமாடிக் கொடியைப் போய்ப் பார்த்தாள். எங்கும் காணோம். இந்த வீட்டில் தங்கை இல்லாமல் இரண்டு தட்டு எதற்கு, இரண்டு நாற்காலி எதற்கு என்று நினைத்தபோதே அழுகை முட்டியது. ஆனால் அழுகையைவிடக் கோபம்தான் அவளுக்குச் சீக்கிரம் வரும். வந்தது. அதே பீரோவின் அடியிலிருந்த தங்கையின் பயணப் பெட்டியை இழுத்து, தன் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தாள்.

இரவுச் சாப்பாட்டில் துருவித் துருவிக் கேட்டாள். கடையில் இப்போதெல்லாம் லேட்டாகிறதா? கூட்டமா? என்ன கூட்டம்? தங்கை எல்லாவற்றுக்கும் “ஆமா” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. ஒன்றுமே தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள இவள் எங்கே கற்றுக்கொண்டாள் என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செவ்வாய்க்கிழமை செயலாளரிடம் போனாள். முப்பத்தொன்று யாருடையது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “நீங்க போட்ட சட்டம்தானே மேடம்?” என்று சிரித்தார். அவர் டீ குடிக்கப் போனபோது டிராயரை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது. பூட்டு வாங்கி மாட்டச் சொன்னதும் அவளேதான்.

புதன்கிழமை ஆறு மணிக்குக் கண்ணாடிக் கடைக்கு எதிரே பேருந்து நிழற்குடையில் நின்றாள். கையில் முப்பத்தோராம் எண் சுருட்டி இருந்தது. தங்கை வெளியே வந்தாள், வீட்டுப் பக்கம் திரும்பாமல் எதிர்த்திசையில் நடந்தாள். அக்கா இருபதடி விட்டுப் பின்னால் போனாள். இரண்டு தெரு தள்ளி ஒரு டயர் கடை. அதன் பக்கவாட்டுப் படியில் தங்கை ஏறி, மாடி அறைக்குள் போனாள். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி ஏறினாள். கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே ஒரு கம்பியில் நீலச் சட்டையும் கோட்டும் ஸ்வெட்டரும் தொங்கின. “ஒளிச்சு ஒளிச்சு எத்தனை நாளைக்கு?” என்று தங்கையின் குரல் கேட்டது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பிரதியை நீட்டினாள்.

“இதை எழுதினது நீதானே?”

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். நடுவில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருந்தது. கட்டத்துக்குள் தங்கையும் தாடிக்காரர் ஒருவரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நொடி கழித்துத்தான் அக்காவுக்கு அது லிஃப்ட் என்று புரிந்தது. இரண்டு பேர், சாமான் எதுவும் வேண்டாம், பன்னிரண்டு நிமிடம். அவளே சிபாரிசு செய்த நாடகம். தங்கை மாஜி மனைவி; வெளியே கேட்டது அவளுடைய வசனம். கம்பியில் தொங்கிய துணிகள் வேஷத்துக்கு. வலது கையிலிருந்த செருப்பைக் கீழே போடலாமா, முதுகுக்குப் பின்னால் மறைக்கலாமா என்று தெரியாமல் விழித்தாள்.

தங்கை பிரதியை வாங்கிக் கட்டத்துக்குள் நின்றே முழுக்கப் படித்தாள். அதற்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று. தாடிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் எழுதலைக்கா,” என்றாள் தங்கை. “நடிக்கிறேன்னு உன்கிட்ட சொன்னா டைமரும் கையுமா வந்து முன்னாடி உட்காருவே. அதான் சொல்லலை.” பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். “என் பீரோவை எண்ணினியா?”

அக்கா கம்பியில் தொங்கிய ஸ்வெட்டரைப் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமை எங்கே போறான்னு இதுல எழுதலையே. நீ ஊருக்கெல்லாம் சிபாரிசு பண்றவளாச்சே. எனக்கும் ஒரு இடம் பார்த்துச் சொல்லேன்.”

சத்தம் போட்டிருந்தால்கூட அக்கா திருப்பிச் சத்தம் போட்டிருப்பாள். தங்கை விலாசம் கேட்பதுபோல் கேட்டாள். அக்கா படியிறங்கித் தெருவுக்கு வந்து, பாதித் தூரம் நடந்த பிறகுதான் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. ஒளித்த பெட்டியை அக்கா தங்கையின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். தங்கை அதைப் பார்த்தாள், எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பட்டியல் முடிவானது. முப்பத்தொன்றை முதலில் போட்டாள். “ஒரு ஆள், ஒரு பை, ஒரு கதவு. ஒன்பது நிமிடம். அக்காமார் பார்க்க வேண்டியது,” என்று எழுதினாள். செயலாளர் உறையைப் பிரித்தார். எழுதியவர் வேறெங்கோ இருக்கிற ஒரு டிக்கெட் பரிசோதகர். கூடப் பிறந்தவர்கள் இரண்டு தம்பிகள், அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒரு மனிதர் தன் வீட்டு அயர்ன் பாக்ஸ்வரை எழுதிவிட்டாரே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அப்படியானால் தன்னைப் போல எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தபோது, ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்; இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கை கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டாள். “உட்காருக்கா. டைமர் வேண்டாம்,” என்றாள்.

அக்கா உட்கார்ந்தாள். தங்கை முப்பத்தோராம் எண்ணைப் பேச ஆரம்பித்தாள். புதன்கிழமை வாங்கிய பிரதியை மனப்பாடம் செய்திருந்தாள், தாளைப் பார்க்கவே இல்லை. அயர்ன் பாக்ஸ் வந்தது, செருப்பு வந்தது, பஸ் டிக்கெட் வந்தது. எழுதியதில் இல்லாத ஒன்றும் வந்தது. “அப்பா போனப்போ அவளுக்கு இருபத்தஞ்சு வயசு. நான் ஸ்கூல் விட்டு வர்றவரைக்கும் ஜன்னல்லயே நிப்பா. அப்ப ஆரம்பிச்சது.” அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். தங்கை நன்றாக நடித்தாள். நடிக்கிறாளா என்பதும் போகப்போகச் சந்தேகமாகிவிட்டது. “ஞாயிற்றுக்கிழமை போய்விடுவேன்,” என்றாள். கதவருகே இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்தாள். பை உப்பியிருந்தது. கதவைத் திறந்து வெளியே போய்ச் சாத்தினாள்.

படியில் காலடி இறங்கியது. இரண்டாம் மாடி. முதல் மாடி. பிறகு தெருக் கதவின் கிறீச்சிடல். பிரதி இதோடு முடிகிறது. அக்காவுக்கு ஜன்னல் ஆறடி தூரத்தில் இருந்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கக் கூடாது என்று தன் காலிடமே கெஞ்சினாள். எவ்வளவு நேரம் ஆயிற்றோ, டைமர் இல்லை.

வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தாள். தங்கை மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

“எதிர்ப் பக்கத்துல நின்னு பார்த்துட்டே இருந்தேன். திரை அசையலை.”

“காத்து இல்லை,” என்றாள் அக்கா.

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரிக்கப்போனாள். அப்போதுதான் கவனித்தாள். தங்கையின் கையில் பை இல்லை. தோளிலும் இல்லை, படியிலும் இல்லை. பை எங்கே, அதில் என்ன இருந்தது, கீழே யாரிடம் கொடுத்தாய் என்று மூன்று கேள்வியும் ஒன்றாகக் கிளம்பித் தொண்டையில் வந்து நின்றன. தங்கை சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா எச்சிலை விழுங்கினாள்.

“டீ போடட்டுமா?” என்று கேட்டாள்.