லெப்டொப்புக்கு அரைப்பேர்

வட்டகொடை ஸ்டேசனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் ஓர் அறையில், ஒற்றைக் காம்பராவில் இருந்துகொண்டு நிரோஷன் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தான். என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்பான். கேட்டவர் உடனே வீட்டுக்குப் போய்ப் பழுதான டீவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு வருவார். அவனும் பாவம், அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கம்பெனியில் தினமும் காலை ஆறே முக்காலுக்குப் போனில் ஒரு கூட்டம். வாடிக்கையாளர்கள் மெல்பேர்னில் இருந்தார்கள், அவர்களுக்கு அது மத்தியானம். எல்லாரும் நின்றுகொண்டேதான் பேச வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடுமாம்! நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய் என்று ஆளுக்கொரு கேள்வி. மூன்று நாள் வராதவனுக்கு நிரந்தரம் கிடையாது. நிரோஷன் ஏற்கெனவே இரண்டு நாளைக் கோட்டைவிட்டிருந்தான். குற்றம் அவனுடையதல்ல. ஒரு தூறல் விழுந்தால் போதும், காம்பராவில் கவரேஜ் காணாமல் போய்விடும்.

போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கோயில் படி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம், தண்ணீர்ப் பீலி என்று அலைந்து பார்த்தான். கவரேஜ் முழுசாக நின்ற ஒரே இடம் பெரட்டுக்களம். விடிந்ததும் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு மலைமலையாகப் பிரித்தனுப்புகிற இடம் அது. அதிலும் சரியாகக் கணக்கப்பிள்ளை இராமையா நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்.

மறுநாள் காலை அங்கே போய் நின்றான். இராமையா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன தம்பி, இங்க நிக்கிறீங்க?"

"ஒரு மீட்டிங் ஐயா. கொஞ்ச நேரந்தான்."

"பெரட்டு நேரத்துல களத்துல நிக்கிறவங்க பேரு செக்ரோல் புத்தகத்துல இருக்கணும். புதுத் தொரையோட சட்டம். இல்லாட்டி வெளிய போயிருங்க."

மணி ஆறு நாற்பத்து மூன்று.

"அப்ப எம் பேரையும் போட்டுருங்க ஐயா."

கொழுந்து எடுக்கும் பெண்களின் வரிசையில் நின்ற அவனுடைய அம்மா காளியாயிக்கு முகம் சுண்டிப்போனது. மகன் இந்தக் களத்தில் நிற்கக்கூடாது என்பதற்காகவே முப்பத்திரண்டு வருடம் இந்தக் களத்தில் நின்றவள் அவள்.

பேர் போட்டால் வேலை செய்ய ஒரு மலை கொடுக்க வேண்டும். தோட்டத்தில் இருந்தது பன்னிரண்டு மலை. இராமையா கொஞ்சம் யோசித்து, "நிரோஷன், பதிமூணாம் நம்பர்" என்று எழுதினார். அன்றிலிருந்து அவர்கள் காம்பரா பதிமூன்றாம் நம்பர் மலை.

மலை கொடுத்தால் நிறுவையும் இருக்க வேண்டுமே! சாயந்திரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. அங்கிருந்த தராசில் இராமையா லெப்டொப்பைப் பையோடு தொங்கவிட்டார்.

"ரெண்டு கிலோ இருநூறு. பைக்கு ஒரு கிலோ கழிவு. தண்ணிக்கு ஒரு கிலோ கழிவு."

"தண்ணியா? இது நனையவே இல்லையே ஐயா!"

"மழ நாளு தம்பி. எல்லாருக்கும் ஒரே சட்டம்."

மிச்சம் இருநூறு கிராம். பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். அதற்குக் குறைந்தால், நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் அரை நாள் வேலைதான் பதிவாகும். அதுதான் அரைப்பேர். நிரோஷனுக்கு மெய்யாகவே நெஞ்சு வலித்தது. இரண்டு வாரமாக யாருக்கும் பிடிபடாத ஒரு பிழையை அவன் அன்றுதான் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தான். மறுநாள் ரோஷத்தில் சார்ஜர், பழைய கீபோர்ட், ஒரு பிரிண்டர் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு போனான். இராமையா ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டார்.

"இதெல்லாம் முத்தல் தம்பி. கொழுந்து மட்டுந்தான் கொண்டாரணும்."

இப்படியே எட்டு நாள், எட்டு அரைப்பேர். ஆனால் கூட்டம் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒன்பதாம் நாள், கம்பெனியின் மனேஜர் அஸ்லம் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். அவர் கம்பளைக்காரர்.

"நிரோஷன், பின்னால பேர் கூப்பிடுறது ஆரு? நாப்பது பேர நாலு நிமிஷத்துல அனுப்பிட்டாரே! எங்களுக்கு ஒம்பது பேருக்கு ஒரு மணித்தியாலம் போகுது. போன அவர்ட்ட குடுங்க."

இராமையா போனைப் பவ்வியமாக இரண்டு கையாலும் வாங்கி, தொழிலை விளக்கினார். பேர், மலை, நிறுவை, கழிவு. குறைந்தால் அரைப்பேர்.

"ஆரும் எதிர்த்துப் பேச மாட்டாங்களா?"

"பேசுவாங்க தொர. நாங்க அடுத்த பேரக் கூப்பிட்டுருவோம்."

அஸ்லம் அதை எழுதிக்கொண்டார்.

பத்தாம் நாள் சாயந்திரம் கடிதம் வந்தது. நிரோஷனின் வேலை நிரந்தரம். அவன் அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் சத்தமாக வாசித்தான். காளியாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாகக் கேட்டாள். இரண்டாம் பக்கத்தில் அவனுடைய முதல் பொறுப்பு இருந்தது. இனிமேல் கம்பெனியில் எல்லாருடைய வேலையும் சாயந்திரத்தில் அளக்கப்படும். இடையில் எழுந்து போன நேரத்துக்குக் கழிவு உண்டு. அளவு குறைந்தால் அன்றைக்கு அரை நாள்தான் பதிவாகும். இதற்கான மென்பொருளை நிரோஷன் ஒரு வாரத்தில் எழுதித் தர வேண்டும்.

காளியாயியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அரைப்பேரா?"

"அந்த மாதிரித்தான்மா."

"அது வேணாமுன்னு நாங்க எத்தன தடவ வேலைய நிறுத்திப்புட்டு மடுவத்து வாசல்ல உக்காந்திருக்கோம், தெரியுமாடா? நீ அதக் கொழும்புக்கு ஏத்தி அனுப்பிட்டியா?"

"நான் இல்லம்மா. அஸ்லம் சேர்தான்…"

"எழுதப்போறது யாரு?"

காளியாயி திரும்பிக் கறியைக் கிண்ட ஆரம்பித்தாள். கோபம் அவள் முதுகிலேயே தெரிந்தது. முடியாது என்று எழுதிவிடலாமா என்று அவன் நிஜமாகவே யோசித்தான். ஆனால் அந்த வேலைக்காகத்தானே பத்து நாளும் பனியில் நின்றான்?

ஆறாம் நாள் மென்பொருள் முடிந்தது. சோதித்துப் பார்க்க யாராவது ஒருவருடைய பேர் வேண்டியிருந்தது. வேறு யார் பேரையும் போட மனம் வரவில்லை. தன் பேரையே, அன்று நாள் முழுக்கச் செய்த வேலையோடு போட்டான். பொத்தானை அழுத்தியதும் அரை நாள் என்று வந்தது. பிழை ஒன்றும் இல்லை, மென்பொருள் சரியாக வேலை செய்தது.