புகைக்குழாயும் முதல் மணப்பெண்ணும்

பால் பொங்கிய கையோடு பாலகிருஷ்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேட்டிகூட மாற்றவில்லை. புது வேட்டி, அதுவும் வெள்ளை. பெண்டாட்டி லீலா சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் லீலாவின் மணப்பெண் அலங்காரக் கடை அன்றுதான் திறந்தது. முன்பு அது சாப்பாட்டுக் கடையின் சமையலறை. விறகு அடுப்பைப் பெயர்த்துப் பல காலமாகிவிட்டது. அதன் புகைக்குழாய் மட்டும் இன்னும் உட்கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கூரைக்கு மேலிருந்த வாயை அடைத்துக் கொடுத்த வீட்டுக்காரர், மிச்சம் உங்கள் பாடு என்று கைகழுவிவிட்டார். தொங்கியதும் எங்கே? மணப்பெண் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே.

சாயம் அடிக்கும் முன்பே கழற்றச் சொல்லி லீலா தலைபாடாக அடித்துக்கொண்டாள். அடுப்பு எரிந்த இடம் லட்சுமி இருந்த இடம், பால் காய்ச்சாமல் அதில் கைவைக்கக் கூடாது என்று இவர் ஒரே பிடி. ஆகவே முதலில் சாயம், அப்புறம் பால், அதற்கும் அப்புறம் குழாய். வேறெவனாவது இப்படி வரிசை போடுவானா!

லீலா வாசலையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருஷம் அடுத்தவர் கடையில் புருவம் திருத்தியவள், சம்பள வேலையை விட்டுவிட்டு இதைத் திறந்திருக்கிறாள். முதல் மணப்பெண் அனுப்ரியா, ஒத்திகை அலங்காரத்துக்குத் தன் அம்மா சரஸ்வதியோடு வரும் நேரம். சரஸ்வதிக்குப் பிடித்தால் கல்யாண வேலை லீலாவுக்கு. பிடிக்காவிட்டால் சிராங்கூன் ரோடு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா வீட்டுக்குப் போவாள்.

பாலகிருஷ்ணன் குழாயின் கீழ்வாயில் குப்பைப் பையைக் கட்டினார். அதுவரைக்கும் சரி. மூட்டிலிருந்த திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. முறுக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், முருகனையும் கூப்பிட்டுப் பார்த்தார். வேர்வை கண்ணில் இறங்கியது.

"ஃபேனைப் போடு லா, வெந்து சாகுறேன்."

லீலாவும் யோசிக்காமல் போட்டுத் தொலைத்தாள். அதே நொடியில் குழாய் நடுமூட்டில் கழன்றது. பை கட்டியது கீழே. கரி கொட்டியதோ நடுவில். மின்விசிறி அதை அள்ளி நாலு சுவருக்கும் பங்கு வைத்தது. வெள்ளைத் திரையும் போச்சு, வேட்டியும் போச்சு. ஏணியின் மேல் இரண்டு கண்கள் மட்டும் முழித்துக்கொண்டிருந்தன.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் நாளே மூஞ்சியில் கரி என்று லீலா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

சரஸ்வதி வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அனுப்ரியாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகளைத் திரும்பிப் பார்த்த சரஸ்வதியின் முகம் இளகியது.

"மண்டபம், சேலைன்னு வீட்ல ஒரே சண்டை. கல்யாணப் பேச்சு எடுத்ததிலேர்ந்து இவ இப்பதான் சிரிக்கிறா," என்றாள். "கீழ வாசல்ல வச்சுப் பண்ணிடலாமா?"

லீலா முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். கடைவாசல் நடைபாதையில் நாற்காலி போட்டு வேலையைத் தொடங்கினாள். மார்க்கெட்டிலிருந்து மீனும் கீரையுமாகத் திரும்பிய பெண்கள் நின்றார்கள். பூக்காரம்மா கட்டுகிற சரத்தை மறந்துவிட்டாள். என் மகளுக்குத் தை மாசம் கல்யாணம், நம்பர் கொடுங்கள் என்றாள் ஒருத்தி. வளைகாப்புக்கும் வருவீர்களா என்று இன்னொருத்தி கேட்டாள். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு செய்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

சரஸ்வதி மகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு நீங்கதான். எங்க வீட்டுப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும். இங்கயே எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாருங்க, ஒரு திருஷ்டிப் பொட்டு வச்சிடுங்க."

லீலா மைப்பெட்டிக்குக் கை நீட்டினாள். அப்போது பாலகிருஷ்ணன் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கோட்டையைப் பிடித்தவர் மாதிரி படியிறங்கி வந்தார்.

"லட்சுமி இருந்த இடம்னு நான் அப்பவே சொல்லல?"

லீலா மைப்பெட்டியை மூடினாள். புருஷனின் கன்னத்தில் விரலைத் தேய்த்தெடுத்து, மணப்பெண்ணின் காதோரம் பொட்டு வைத்தாள்.