பெற்ற பிள்ளைக்கு அத்தை

“நான் என்னட்டி தப்பாச் சொல்லிட்டேன்? பிள்ளை நம்மகூட இங்கன இருக்கணும்னுதானே—”

“என்ன தப்பா? பெத்த பிள்ளைக்கு என்னைய அத்தை ஆக்கிட்டு வந்து நிக்குதே, இதுல என்ன தப்புன்னு என்கிட்டயே—”

“மெதுவாப் பேசு வடிவு. முன்ரூம்ல ஆளு இருக்கு.”

“இருக்கட்டும். அந்த மதுரைக்காரங்களாவது தெரிஞ்சுக்கிடட்டும், நாச்சியாரை யாரு பெத்தான்னு.”

1965, ஆனி மாதம். சீசனுக்குக் குளிக்க வந்த ஒரு குடும்பத்துக்கு முன்னறையை வாடகைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் எல்லாரும் அடுப்படியில் நெருக்கிக்கொண்டு கிடந்தார்கள். சுடலையாண்டி எண்ணெய்க் கிண்ணத்தைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. குற்றாலம் பேரருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் வேலை. அன்று காலை அவர் கைக்கு வந்தது தென்காசித் துணை தாசில்தார் பால்வண்ணநாதனின் முதுகு. பிடரியைப் பிடித்துவிட்டபடியே, பர்மாவில் பிறந்த ஒரு பெண்பிள்ளை விஷயம் என்று பேச்சை எடுத்திருக்கிறார்.

“அய்யா கண்ணை மூடிக்கிட்டே கேட்டாரு, பிள்ளைக்குத் தகப்பன் இந்தியாக்காரனான்னு,” என்றார் தங்கையிடம். “தகப்பன் இந்தியப் பிரஜையா இருந்தா, பிள்ளை எந்தச் சீமையில பொறந்தாலும் இந்தியப் பிரஜைதானாம். ஒரு வாக்குமூலம், ஒரு கையெழுத்து, முடிஞ்சு போச்சாம். நீயே சொல்லு, அந்த எடத்துல நான் என்ன சொல்ல?”

“உள்ளதைச் சொல்லணும்.”

“உள்ளது என்னட்டி? உம் மாப்பிள்ளை அய்யாத்துரை, அரிசிக்கடை லைசென்சுக்காக உன்னையக் கட்டுததுக்கு முன்னாலயே பர்மாக்காரனா எழுதிக் குடுத்துட்டான். மகராசன் போயும் சேந்துட்டான். அதைச் சொன்னா, அய்யா என் கையைத் தட்டிவிட்டுட்டு அருவிக்கு எந்திச்சுப் போயிருப்பாரு. ‘நான்தான்யா தகப்பன்’னேன். வாயில வந்துட்டு.”

“தாய் யாருன்னு கேக்கலையோ?”

சுடலையாண்டி பெண்டாட்டியைப் பார்த்தார். முப்பிடாதி அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

“என்னையத்தான் சொல்லியிருக்காரு,” என்றாள். “நீ மொறைக்காத வடிவு. பிள்ளை பொறந்த வருசம் நாங்க ரெண்டு பேரும் பர்மாவுல, மௌல்மீன்ல உங்க கடையிலதானே கெடந்தோம்? தொப்புள்கொடி அறுத்ததே நான்தானே? எனக்குப் பொறந்த பிள்ளையை உனக்கு வளக்கக் குடுத்தோம்னு சொன்னா, இல்லைன்னு சொல்ல இங்கன யாரு இருக்கா? பர்மா எழுத்துல கெடக்க கடுதாசியை எவன் வாசிக்கப் போறான்? நான் பெத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போவும்?”

“உங்களுக்கு ஒண்ணும் குறையாது மதினி. ஒரு பிள்ளை கூடும்.”

“கேட்டீரா? உம்ம தங்கச்சிக்கு நாக்கைப் பாத்தீரா?”

போன ஐப்பசியில் கப்பலை விட்டு இறங்கியபோது வடிவம்மாள் கையில் இந்தியத் தூதரகம் கொடுத்த தாள் இருந்தது. மகளுக்கோ பர்மாத் தாள். தாய் ஊர் திரும்பியவள், மகள் அந்நியநாட்டாள். நாச்சியார் இங்கே தங்க ஆடிக் கடைசி வரைக்கும்தான் அனுமதி. அதற்குப் பிறகு என்ன என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால், “மேல எழுதியிருக்கு” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

“ஆடி முடிஞ்சா பிள்ளையைக் கப்பலேத்திருவான்,” என்றார் சுடலையாண்டி. “அங்கன அவளுக்கு யாரு இருக்கா? கடையை சர்க்கார் எடுத்துக்கிட்டான். தகப்பனும் இல்லை. நீ அத்தைன்னு இருந்தா என்ன, ஆத்தான்னு இருந்தா என்ன? ஒரே வீட்டுலதானே கெடக்கப் போறோம்?”

“அப்படியா அண்ணே? சரி. நாளைக்கு நாச்சியார் பெரியவளானா தாய்மாமன் சீரு யாரு கொண்டு வருவா?”

“யாரு கொண்டு வருவா? நான்தான்.”

“நீ எப்படிக் கொண்டு வருவே? நீதான் அப்பன் ஆயிட்டியே. மதினி தாயின்னா, மதினியோட தம்பில்லா தாய்மாமன். அவரு மேளத்தோட முன்னால வருவாரு, நீ பந்தியில எலை போட்டுக்கிட்டு நிப்பே.”

“அந்தப் பயலா?” என்றார் சுடலையாண்டி, தன்னையறியாமல்.

“இங்கேரும், எந் தம்பியை எதுக்கு இழுக்கீரு?”

“நான் எங்கட்டி இழுத்தேன், இவல்லா—”

அந்தச் சமயத்தில் நாச்சியார் சாரலில் நனைந்த தலையோடு உள்ளே வந்தாள். தட்டை எடுத்து வைத்துக்கொண்டு வடிவம்மாள் முன்னால் உட்கார்ந்தாள்.

“அத்தே, பசிக்கி. சோறு போடு.”

வடிவம்மாள் கையிலிருந்த கரண்டி பானைக்கு மேலேயே நின்றது.

“என்னட்டி சொன்னே?”

“மாமாதான் சொன்னாங்க. ஆபீசர் கேக்கும்போது வாய் தடுமாறக் கூடாதுன்னு. அதான் பழகுதேன். அத்தைன்னு வந்துட்டு. மாமாவை அப்பான்னு சொல்லத்தான் வரமாட்டேங்கி, சிரிப்பு வருது.”

யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

“ரெண்டுல எதைச் சொன்னா நான் இங்கன இருக்கலாம்?” என்று கேட்டது.

வடிவம்மாள் சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். தட்டை மகள் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்:

“அம்மான்னு சொல்லிட்டே இருக்குததுக்கு வழி பாக்குதேன். நீ சாப்பிடு.”

மறுநாள் நான்கு பேரும் தென்காசி பஸ் ஏறினார்கள். இறங்கும்போது சுடலையாண்டி, “நீ ஒண்ணும் பேசிராத தாயி, எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்,” என்றார். வடிவம்மாள் தூதரகத் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

தாலுகா ஆபீசில் சட்டை போட்டிருந்த சுடலையாண்டியைச் சட்டை போட்டிருந்த பால்வண்ணநாதனுக்கு அடையாளம் தெரியவில்லை.

“யாருப்பா நீ?”

“முதுகு, அய்யா. நேத்து.”

“ஓ, நீயா! கழுத்து இன்னிக்கு நல்லாத் திரும்புதுப்பா. சரி, அந்தப் பர்மாப் பிள்ளை கேசுதானே? வாக்குமூலம் எழுதிருவோம்.” குமாஸ்தாவைக் கூப்பிட்டார். “எழுதும் ஓய். தகப்பன் பெயர், சுடலையாண்டி. ஊர், குற்றாலம். தாய் பெயர்—”

“வடிவம்மாள்,” என்றாள் வடிவம்மாள்.

குமாஸ்தா பேனாவைத் தூக்கினார்.

“உன் சம்சாரம் பேரு முப்பிடாதின்னுல்ல சொன்னே?” என்றார் துணை தாசில்தார்.

“மதினி பேரு முப்பிடாதிதான் அய்யா. இது எங்க அண்ணன். பிள்ளையைப் பெத்தவ நான். தகப்பன் பர்மாப் பிரஜை, அங்கனயே செத்துப் போனாரு.”

முப்பிடாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுடலையாண்டி தரையைப் பார்த்தார். குமாஸ்தா எழுதியவரைக்கும் படித்துப் பார்த்துவிட்டு, “அப்படின்னா இதுபடி அண்ணனும் தங்கச்சியும்...” என்று ஆரம்பித்தவர், அதிகாரி முகத்தைப் பார்த்துத் தாளைக் கிழித்துப் போட்டார்.

“என்னப்பா இது?”

“அய்யா, அண்ணனைக் கோவிக்காதீங்க,” என்றாள் வடிவம்மாள். “எண்ணெய் தேய்க்கையில பாசத்துல சொன்ன பேச்சு. கையெழுத்து இன்னும் போடலை.”

“போட்டிருந்தா பொய் வாக்குமூலம்னு உள்ளதான் போயிருப்பான்.”

“அதுக்குத்தான்யா முந்திக்கிட்டேன்.”

பால்வண்ணநாதன் எதிரே இருந்த பெஞ்சைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

“சொல்லுதேன், கேளுங்கம்மா. வெளிநாட்டுல பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தகப்பனைத்தான் பாக்கு. தகப்பன் பர்மாப் பிரஜை. தாய் இந்தியாவா இருந்தாலும், அந்த வழியில பிள்ளைக்கு இந்தியா வராது.”

“பத்து மாசம் சுமந்ததுக்குச் சட்டத்துல ஒரு எடமும் இல்லையா அய்யா?”

“இருக்கு. பதிவுன்னு ஒண்ணு இருக்கு. இந்தியப் பிரஜையோட மைனர் பிள்ளைன்னு கலெக்டருக்கு மனுப் போடலாம். பிரஜைன்னுதான் அதுல இருக்கு, தகப்பன்னு கேக்கலை. ஆனா அது தானா வர்ற உரிமை இல்லைம்மா. கலெக்டர் பாத்துக் குடுத்தா உண்டு. மாசக்கணக்காகும்.”

“அதுவரைக்கும் பிள்ளை?”

“மனு நிலுவையில இருக்குன்னு போலீசுக்கு எழுதுவேன். நாளை நீட்டிப்பாங்க. நீட்டிக்காமலும் போகலாம். உங்க அண்ணன் சொன்னபடி போயிருந்தா இன்னிக்கே—” சட்டென்று நிறுத்திக்கொண்டார். “அந்தப் பேச்சு என் காதுல விழவே இல்லை.”

“மனுவே போடுதேன்யா.”

“போடலாம். அதுக்கு முந்தி நீங்க யாருன்னு நிரூபிக்கணும்.”

“நானா?”

“நீங்கதான். பர்மாக்காரரைக் கட்டிக்கிட்டு அங்கன போய் இருந்தவங்க. அங்கத்திப் பிரஜையா நீங்களும் எழுதிக் குடுத்திருந்தா?”

வடிவம்மாளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

“அவரு எத்தனை தடவை சொன்னாருன்னு மதினியைக் கேளுங்க. ‘எழுதிக் குடுத்துருட்டி, வருசா வருசம் பணத்தைக் கட்டி நான் அந்நியக்காரின்னு முத்திரை வாங்கிட்டு வாரியே’ன்னு. நான் குடுக்கலை. அங்கன நான் அந்நியம். இங்கன வந்து எறங்கினா எம் பிள்ளை அந்நியம். இந்தாங்க, தூதரகத்துல குடுத்த தாளு.”

அவர் அதை வாங்கி, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

“இது நல்ல ஆதாரம்தான். ஆனா கலெக்டர் ஆபீசுல பிறப்பையும் கேப்பாங்க. குற்றாலத்துல பிறந்தவங்கதானே?”

“ஆமாங்கய்யா. ஐந்தருவிக்குப் போற வழியில அப்போ வீடு.”

குமாஸ்தா குறுக்கே வந்தார். “அந்தக் காலத்துப் பதிவுல இன்னாருக்குப் பெண் குழந்தைன்னு மட்டும்தான்யா இருக்கும். பேரு இருக்காது.”

“அப்போ, அந்தப் பெண் குழந்தை இந்த வடிவம்மாள்தான்னு விவரம் தெரிஞ்ச ரத்த உறவு ஒருத்தர் வாக்குமூலம் குடுக்கணும். பிறந்ததிலேருந்து தெரிஞ்சவங்க. அப்பா அம்மா இருக்காங்களா?”

“ரெண்டு பேருமில்லை.”

எல்லாருடைய கண்ணும் சுடலையாண்டி பக்கம் திரும்பியது.

“அய்யா, ஒரு நிமிசம்,” என்று அவர் தங்கையைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். முப்பிடாதியும் நாச்சியாரைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே வந்துவிட்டாள்.

“ஏட்டி வடிவு, யோசிச்சுத்தான் பேசுதியா? நீ என் தங்கச்சி, பிள்ளை உன் பிள்ளைன்னு இப்போ எழுதிக் குடுத்துட்டேன்னா, பொறவு நான் அப்பன்னு எந்த ஆபீசுலயும் போய் நிக்க முடியாது. அந்தக் கதவு அடைஞ்சு போவும். கலெக்டர் இல்லைன்னுட்டா என்ன செய்வே?”

“மறுபடியும் மனுப் போடுவேன்.”

“அதுக்கும் இல்லைன்னா?”

“கலெக்டர் வாசல்ல போய் உக்காருவேன்.”

“ஆடி முடிஞ்சு போலீசு வந்து நின்னா?”

“அவளோட நானும் கப்பல் ஏறுவேன். அங்கன போனாலும் அம்மாவும் மவளுமாத்தான் போவோம்.”

“பெரிய பேச்செல்லாம் பேசாத! ஒரு கையெழுத்துல பிள்ளையைக் காப்பாத்தலாம்னு நான் சொல்லுதேன், இவ என்னன்னா—”

“ஜெயிலுக்குப் போற கையெழுத்து அது. நீ போனா எங்களுக்கு யாரு இருக்கா? பிள்ளைக்கு அப்பன், எனக்கு அண்ணன், மதினிக்கு மாப்பிள்ளை, மூணு பேரும் ஒரே நாள்ல போவாங்க.”

“இங்கேரும்,” என்றாள் முப்பிடாதி மெதுவாக. “தொப்புள்கொடி அறுத்தது நான்னு நானும் எழுதிக் குடுக்குதேன். அது நெசந்தானே. எதுக்கு நெசத்துக்குப் பயந்து சாவணும்?”

“நீயுமாட்டி?”

“நேத்து அவ அத்தேன்னு கூப்பிட்டப்போ எனக்கே காய் நறுக்க ஓடலை. பெத்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?”

நாச்சியார் சுடலையாண்டியின் கையைத் தொட்டாள். உள்ளங்கையில் எண்ணெய்ப் பிசுக்கு எப்போதும் இருக்கும். அவர் அதை வேட்டியில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

குமாஸ்தா வாசலுக்கே வந்து, புதுத்தாளை நீட்டி, எழுதியதை வாசித்துக் காட்டினார். மனுதாரரின் மூத்த சகோதரர் என்று ஆரம்பித்து மூன்று வரி. கீழே இடம் விட்டிருந்தது. பேனாவையும் கொடுத்தார். சுடலையாண்டி பேனாவை வாங்கினார். தாளைச் சுவரில் வைத்துப் பிடித்தார். பேனா முனையைத் தாளில் வைத்துவிட்டு எடுத்தார்.

“பிள்ளை போயிரும்னு பயமா இருக்குட்டி,” என்றார்.

“எனக்கும்தான் இருக்கு. அவளுக்கு அப்பனா நிக்க வேண்டாம் அண்ணே, எனக்கு அண்ணனா நில்லு. எம் பிள்ளைக்கு நான் நின்னுக்கிடுதேன். போடுதியா?”