படுக்கை மாற்றும் வகுப்பு

பிலோமினம்மாள் முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி ஆயாவாக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு பிடோக் அடுக்ககத்தில் மகள் குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். 1983ஆம் வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, ஐம்பத்தெட்டாவது வயதில், முதல் தடவையாக ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தார்.

தேக்கா சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த மாதா கோயில் மண்டபத்தில் அந்த வகுப்புகள் நடந்தன. டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்ந்த சிலுவைராஜ், பங்குச் சாமியாரிடம் மண்டபச் சாவியைக் கேட்டு வாங்கி அவற்றை ஆரம்பித்தார். ஓய்வு பெற்றவர்களே ஓய்வு பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சம்பளம் யாருக்கும் கிடையாது. என்ன மதம் என்றும் யாரும் கேட்பதில்லை. கட்டட மேஸ்திரியாக இருந்த மருதப்பன் பியூஸ் போடவும் ஒழுகுகிற குழாயைச் சரிபண்ணவும் காட்டிக்கொடுத்தார். தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த தனசேகரன் இங்கிலீஷ் எழுதப் படிக்கச் சொல்லித் தந்தார். பிலோமினம்மாளுக்கு ஜெபப் புத்தகம் வாசிக்கும் அளவுக்கு வீட்டிலேயே கற்ற தமிழ் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. அதனால் தனசேகரன் வகுப்பில்தான் சேர்ந்தார். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வரும் தனசேகரன் தப்பாகப் படித்தால் கோபப்பட மாட்டார். மறுபடியும் முதலிலிருந்து படிக்கச் சொல்வார், அவ்வளவுதான்.

சிலுவைராஜ் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். ஆறு மாசம் கற்றுக்கொண்டவர், தனக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிலோமினம்மாளின் முறை வந்தபோது அவர் இரண்டு சனிக்கிழமை மண்டபத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. சிலுவைராஜ் பஸ் பிடித்து பிடோக்குக்கே வந்துவிட்டார்.

"எனக்கு என்னா தெரியும் தம்பி?" என்றார் பிலோமினம்மாள், காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு. "படுத்துக் கெடக்கிறவங்களப் புரட்டிப் போடுவேன். படுக்க மாத்துவேன். அத யாரு கத்துக்குவா?"

சிலுவைராஜ், "நான் கத்துக்குவேன்கா," என்றார். "எங்கம்மா நாலு மாசம் படுத்துக் கெடந்தாங்க. அப்ப எனக்குத் தெரிஞ்சிருந்தா, அவங்க அவ்வளவு வலியோட போயிருக்க மாட்டாங்க."

வருகிறேன் என்று பிலோமினம்மாள் ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில், 'படுத்திருப்பவரைப் பராமரிப்பது: திருமதி பிலோமினம்மாள்' என்று எழுதியிருந்தது. திருமதி என்ற சொல்லையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷமும் அவர் வெறும் ஆயாதான். பின்னால் நின்ற மருதப்பன், எல்லாருக்கும் கேட்கும்படி, ஆயா வேலையைக் கற்றுக்கொள்ளவா இத்தனை காலம் உழைத்துவிட்டு வந்தோம் என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். பிலோமினம்மாளுக்குக் காது சுட்டது. திரும்பிப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் சிலுவைராஜ் சொன்னது நெஞ்சில் தங்கியிருந்தது. நின்றுவிட்டார்.

வகுப்பு நாளன்று ஏழு பேர் வந்தார்கள். பாதிப் பேர் சிலுவைராஜுக்காக வந்தவர்கள். தனசேகரன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மருதப்பன் உள்ளே வராமல், காப்பிக் கோப்பையோடு வாசல்படியில் சாய்ந்து நின்றார். மண்டபத்தின் நடுவில் ஒரு கேன்வாஸ் கட்டில் போடப்பட்டிருந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று பிலோமினம்மாளுக்குத் தெரியவில்லை. பேசி விளக்கி அவருக்குப் பழக்கமில்லை. செய்துதான் பழக்கம். சுற்றிலும் பார்த்தார். அங்கே இருந்தவர்களில் கனமான ஆள் யாரென்று அவர் கண் தானாகத் தேடியது.

"மருதப்பண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் வந்து படுங்க. நோயாளி மாதிரி ஒடம்ப விட்டுருங்க. எனக்கு ஒத்தாசை பண்ணக் கூடாது."

மருதப்பன் சிரித்துக்கொண்டே வந்து படுத்தார். கட்டில் முனகியது. முதலில் பிலோமினம்மாள், ஆண்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு அவரை ஒருக்களிக்கச் செய்யச் சொன்னார். அவர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, மருதப்பன் தோள் வலியில் முகம் சுளித்தார். உடம்பு அசைந்தபாடில்லை.

பிலோமினம்மாள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கட்டிலருகே வந்தார். எட்டத்தில் இருந்த முழங்காலை மடக்கி வைத்தார். அந்தப் பக்கத்துக் கையை மார்பின்மேல் எடுத்துப் போட்டார். ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்து, தன் முழங்காலைச் சற்று மடக்கி, மெதுவாகப் பின்னுக்குச் சாய்ந்தார். தொண்ணூறு கிலோ மருதப்பன் தொட்டில் பிள்ளை மாதிரி அவர் பக்கம் திரும்பினார். அவர் திரும்பிய கையோடு முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. பிறகு தலையணைகளை எடுத்துவிட்டு, கீழே கிடந்த விரிப்பைப் பாதி சுருட்டிப் புது விரிப்பைப் பாதி போட்டு, அவரை மறுபக்கம் புரட்டி மீதியையும் மாற்றி முடித்தார். பிலோமினம்மாள் ஐந்தடிகூட இருக்க மாட்டார்.

"இன்னொரு தடவ செய்யுங்க," என்றார் மருதப்பன், படுத்தபடியே. அவர் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

இரண்டாம் தடவை செய்து காட்டியபோது தனசேகரன் எழுந்து முன்னால் வந்திருந்தார். ஒரு பக்கம் கை கால் விழுந்துபோனவர்களையும் இப்படித்தான் புரட்ட வேண்டுமா என்று கேட்டார். பாடப் புத்தகத்தில் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். ஆனால் பிலோமினம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். இப்படிப்பட்ட முகங்களை அவர் வார்டு வாசலில் எத்தனையோ பார்த்திருக்கிறார்.

"வீட்டுல யாரு சார்?" என்றார் தணிந்த குரலில்.

மனைவி சரஸ்வதிக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசம் ஆகிறது என்றார் தனசேகரன். சைனாடவுனில் வீடு. பிள்ளைகள் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்ள, மூன்று மணி நேரம் இங்கே வந்துவிட்டுப் போகிறார். போன வாரம் சரஸ்வதியின் இடுப்புக்குக் கீழே புண் வந்திருக்கிறது.

"முப்பத்தஞ்சு வருஷம் பாடம் நடத்தினவன்," என்றார். "என் சம்சாரத்தப் புரட்டத் தெரியல, பிலோமினம்மா. தெனமும் அவளுக்கு வலிக்க வலிக்கத் தூக்குறேன்."

பிலோமினம்மாள் அன்று மத்தியானமே சிலுவைராஜையும் கூட்டிக்கொண்டு சைனாடவுனுக்குப் போனார். புண்ணைப் பார்த்ததும், முதலில் இதை டாக்டரிடம் காட்டியாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, ஈரத்தில் படுக்க விடக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டி, தனசேகரனையும் செய்யச் சொன்னார். அவர் தப்பாகச் செய்தபோது கோபப்படவில்லை. மறுபடியும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். தனசேகரன் பள்ளிக்கூட நேர அட்டவணை மாதிரியே கட்டம் போட்டு, எந்த மணிக்கு எந்தப் பக்கம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினார்.

டாக்டரின் மருந்தும் அந்த அட்டவணையும் சேர்ந்து ஏழு வாரத்தில் புண்ணை ஆற்றின. புண் ஆறிய அன்று பார்க்கப் போயிருந்த பிலோமினம்மாளின் கையை சரஸ்வதி நல்ல கையால் பிடித்துக்கொண்டார். பேச்சு குழறினாலும் சொன்னது புரிந்தது.

"இவரு... இப்பத்தான்... நல்லாப் படிக்கிறாரு."

தனசேகரன் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து பிலோமினம்மாள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் பிலோமினம்மாள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். முப்பத்தொரு வருஷம் கழுவியும் துடைத்தும் காய்ந்துபோன கைகள். அவற்றை நினைத்து அவருக்குக் கர்வமாக இருந்தது. அந்தக் கர்வத்துக்காக அவர் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யப்போவதில்லை.

அடுத்த தடவை நாற்பது பேர் வந்து நாற்காலி பற்றாமல் போயிற்று. நோயாளியாகப் படுக்கிற வேலையை மருதப்பன் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தனசேகரன் முன் வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, சந்தேகம் வந்தால் எழுந்து நின்று டீச்சர் என்று கூப்பிட்டுக் கேட்டார். பிலோமினம்மாளின் மகள் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனவள், அடுக்ககத்தில் எல்லாரிடமும் அம்மா வகுப்பு எடுக்கிறார் என்று சொல்லிவிட்டாள்.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. பிடோக்கில் அவர்கள் அடுக்ககப் புளோக்குக்குக் கீழேயே ஒரு வகுப்பு நடத்த முடியுமா என்று குடியிருப்பாளர்கள் வந்து கேட்டார்கள். வரப்போகிறவர்கள் பெரும்பாலும் சீனர்களும் மலாய்க்காரர்களும்தான். பாஷை எப்படி என்று சிலுவைராஜ் கவலைப்பட்டார்.

"நோயாளிங்ககிட்ட முப்பத்தோரு வருஷமா எந்தப் பாஷையில பேசினேன்னு நெனைக்கிற? சந்தையில எல்லாரும் பேசுற பசார் மலாய்தான்லா," என்றார் பிலோமினம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, புளோக்கின் கீழ்த்தளத்தில் கேன்வாஸ் கட்டில் போடப்பட்டது. மருதப்பன் வழக்கம்போல் படுத்துக்கொண்டார். சீனக் கிழவிகளும் மலாய்த் தாத்தாக்களும் சுற்றி நின்றார்கள். பிலோமினம்மாள் தலைப்பைச் செருகிக்கொண்டு, முதலில் முழங்கால், அப்புறம் உடம்பு என்பதை, "லுத்துட் டூலு, பாரு பாடான்," என்று உரக்கச் சொன்னார்.

கூட்டம் மொத்தமும் அதைத் திருப்பிச் சொன்னது.